விசுவாசி

தமிழில் ஒரு சொல் ரெண்டு இடத்தில் வேலை பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் பீடத்தில் நின்று "அன்பான விசுவாசிகளே" என்று ஆரம்பித்தால் அது எங்களுக்கு. மத்தியானம் வீட்டுக்கு வந்து, மிச்சச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பின்வாசலில் வைத்துவிட்டு அம்மா "எவ்வளவு விசுவாசமா இருக்கு பாரு" என்று சொன்னால் அது நாய்க்கு. சின்ன வயசில் எனக்கு இது பெரிய குழப்பம். கடவுளை நம்புகிறவனும் திருடனைப் பார்த்துக் குரைக்கிற நாயும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தார்கள்? இந்து நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்களுக்குப் பக்தி இருக்கிறது. நாய்க்குப் பக்தி உண்டு என்று யாரும் சொல்வதில்லை. போதாததற்கு பைரவர் என்று நாய்க்கு ஒரு மரியாதையும் வைத்திருக்கிறார்கள்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, தமிழ் ஒன்றும் குழப்பிவிடவில்லை. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இருக்கிற 'பிஸ்டிஸ்' என்ற சொல்லும் இப்படித்தான். நம்புவதற்கும் அதுதான், நம்பி ஒரு பொறுப்பைக் கொடுக்கும்படி இருப்பதற்கும் அதுதான். நான் கேட்டு வளர்ந்த பிரசங்கங்களில் முக்கால்வாசி முதல் அர்த்தத்தைப் பற்றியவை. இரண்டாவது அர்த்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம் நாய்களிடமிருந்தும் கொஞ்சம் என் அப்பாவிடமிருந்தும் வந்தது. ரெண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்ததற்கு அப்பா கோபப்பட மாட்டார். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அப்பா உபதேசியார். தென் மாவட்டத்து சி.எஸ்.ஐ. சபைகளைத் தெரியாதவர்களுக்காக: பத்துப் பதினைந்து கிராமச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அதற்கு ஒரு ஐயர். அவர் முறை வைத்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அந்த ஊருக்கு உபதேசியார்தான். விடியக்காலம் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, வீடு வீடாகப் போய் சங்கக் காணிக்கை வாங்கி நோட்டில் எழுதுவது, பிள்ளை பிறந்தால் ஜெபம், ஆள் செத்தால் அடக்கம். சம்பளத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு மாறுதல் வரும். கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் இருக்கிற கரிசல் ஊர்களில் ஆறேழு ஊரில் நான் வளர்ந்திருக்கிறேன்.

அந்த ஊர்களுக்குப் பங்குனி, சித்திரையில் கிடை ஆடு வரும். வெள்ளாமை எடுத்து முடித்து, காடு வெறும் கட்டாந்தரையாகக் கிடக்கிற நேரம். பகலில் மேய்த்துவிட்டு ராத்திரி ஒரு ஆள் காட்டில் ஆட்டை மடக்கிப் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். காட்டுக்காரர் அதற்குத் தானியமோ பணமோ கொடுப்பார். ராமநாதபுரம் பக்கமிருந்து ஒரு கிடைக்காரர் அறுநூறு ஆட்டோடு வருஷா வருஷம் வருவார். அவர்கூட ரெண்டு நாய்.

கரிசல் என்றதும் சிப்பிப்பாறை, கன்னி என்று ஜாதி நாயை நினைக்காதீர்கள். அவையும் இந்தப் பக்கத்து நாய்கள்தான், அம்பு மாதிரி உடம்பு, முயல் விரட்டப் பிறந்தவை. அதனாலேயே கிடைக்காரர் அவற்றை வைத்துக்கொள்ள மாட்டார். "அது முயலக் கண்டா ஆட்ட விட்டுட்டுப் போயிரும் தம்பி. எனக்குப் போகாத நாய்தான் வேணும்." அவரிடம் இருந்தது சாதாரண நாட்டு நாய். செவலை ஒன்று, சாம்பல் ஒன்று. பார்த்தால் டீக்கடை முன்னால் படுத்திருக்கிற நாய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய் செவலையைக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது. வரவில்லை. பக்கத்தில் போய் நீட்டினேன். எழுந்து பத்தடி தள்ளிப் போய், ஆட்டைப் பார்த்தபடி மறுபடி படுத்துக்கொண்டது. கிடைக்காரர் சிரித்தார். "அது வேலையில இருக்கு தம்பி."

அந்த வேலை என்ன என்று ரெண்டு மூன்று ராத்திரி அப்பாவோடு போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. நாய் காற்றுக்கு முகம் கொடுத்துப் படுத்திருக்கும். காற்று திரும்பினால் எழுந்து இடம் மாற்றிப் படுக்கும். நடுவில் எழுந்து கிடையைச் சுற்றி ஒரு நடை. கிடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார், தூங்குகிறார் என்று நினைப்போம். நாய் குரைத்ததும் கண்ணைத் திறக்காமலே "நரி" என்பார். இன்னொரு தரம் குரைக்கும். "ஊர் நாய்" என்பார். ஒருநாள் குரல் மாறியது. கம்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "ஆளு." எனக்கு மூன்றும் ஒரே குரைப்பாகத்தான் கேட்டது. வழியில் ஆடு குட்டி போட்டுவிட்டால் மந்தை போய்க்கொண்டே இருக்கும், ஆனால் சாம்பல் நாய் தாயாட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடுமாம், யாராவது திரும்பி வந்து குட்டியைத் தூக்குகிறவரை. யாரும் பழக்கவில்லை. "குட்டியிலயே ஆட்டுக்குள்ள விட்டுருவோம். ஆட்டுப் பாலக் குடிச்சு, ஆட்டு மேலயே படுத்து வளரும். தன்னயும் ஆடுன்னு நெனச்சுக்கிடும் போல" என்றார்.

பிற்பாடு படித்தபோது, பிரனீஸ் மலையிலும் துருக்கியின் அனதோலியாவிலும் மந்தை காக்கிற நாய்களை இதே மாதிரிதான், குட்டியாக இருக்கும்போதே ஆட்டுக்குள் விட்டு வளர்க்கிறார்கள் என்று தெரிந்தது. யூடியூபில் நாம் வாய் பிளந்து பார்க்கிற பார்டர் கோலி வேறு வகை. அது ஆட்டை ஓட்டுகிற நாய். ஓநாய் இரையைப் பதுங்கிப் பின்தொடர்கிற அதே அசைவுகளை வைத்துக்கொண்டு, கடைசிக் கடியை மட்டும் விட்டுவிட்ட நாய். அதன் பார்வைக்கே ஆடு நகரும். பார்க்க அழகு. கிடை நாயின் வேலையில் அப்படிப் படம் பிடிக்க ஒன்றும் கிடையாது. அது சரியாக வேலை பார்த்த ராத்திரி என்றால், அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம்.

நாயை 'நன்றியுள்ள பிராணி' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்வார்கள். சோறு போட்டதற்குக் கைம்மாறு. எனக்கு அந்தக் கணக்கு அந்த ராத்திரிகளுக்குப் பிறகு ஒட்டவே இல்லை. செவலைக்குக் கூழ் ஊற்றுகிறவர் கிடைக்காரர், அது காத்தது ஆட்டை. ஆடு அதற்கு என்ன செய்துவிட்டது?

சரி, வேதாகமத்துக்கு வருவோம். நாய்க்கு அங்கே நல்ல பெயர் இல்லை. யேசபேலின் உடலைத் தின்றவை நாய்கள். கக்கினதைத் திரும்பத் தின்பதற்கு உதாரணம் நாய். பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது வீட்டு கேட்டில் மாட்டுகிற போர்டு மாதிரி நாய்களைப் பற்றி எச்சரிக்கை செய்கிறார், அவர் சொல்வது மனிதர்களை. தாவீதின் முன்னால் நிற்கிற மேவிபோசேத் தன்னைத் தாழ்த்திக்கொள்ள செத்த நாய் என்கிறான். கடைசிப் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் புதிய எருசலேமின் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களின் பட்டியலில் முதல் பெயரே நாய்கள்தான். அந்த ஊர்களின் நாய்கள் பெரும்பாலும் குப்பை மேட்டில் திரிந்தவை, பிணம் தின்றவை, அதனால் அப்படி எழுதினார்கள் என்று விளக்குகிறார்கள். இருக்கலாம். மந்தை காக்கிற நாயும் அங்கே இருந்தது. யோபு தன் ஆட்டு நாய்களைக் குறிப்பிடுகிறார், ஆனால் அதுவும் ஒரு திட்டு வழியாகத்தான்: இவனுடைய அப்பன்களை என் மந்தை நாய்களோடுகூட வைக்க மாட்டேன் என்று. நல்ல மேய்ப்பனைப் பற்றி யோவான் பத்தாம் அதிகாரம் முழுக்கப் பேசுகிறது. மேய்ப்பன் உண்டு, ஆடு உண்டு, ஓநாய் உண்டு, ஓடிப்போகிற கூலியாள் உண்டு. நாய் இல்லை.

கத்தோலிக்கர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் பைபிளில் தோபித்து என்று ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் தோபியா என்ற பையன் தூரதேசம் கிளம்பும்போது ஒரு வானதூதர் மனித வேஷத்தில் துணைக்குப் போகிறார், கூடவே பையனின் நாயும் போகிறது. திரும்பி வரும்போதும் வருகிறது. கதையில் நாய் எதுவும் செய்வதில்லை, சும்மா கூட நடக்கிறது. எங்கள் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது என்று ஹாஸ்டலில் நண்பன் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. அவன் ஊர்க் கோயிலில் ஆரோக்கியநாதர் சுரூபம் உண்டு. பிரான்சில் பிறந்த புனித ரோக்கைத்தான் தமிழில் அப்படிக் கூப்பிடுகிறார்கள். தொடையில் கொள்ளைநோய்ப் புண்ணைக் காட்டிக்கொண்டு நிற்பார், காலடியில் வாயில் ரொட்டியோடு ஒரு நாய். நோயோடு காட்டில் தனியாகக் கிடந்தவருக்குத் தினமும் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்பது மரபு. லூக்காவில் வருகிற லாசருவும் இதேபோல் பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடக்கிறான், நாய்கள் வந்து நக்குகின்றன. அதை அவனுடைய கேவலத்தின் உச்சம் என்று பிரசங்கிப்பார்கள். அப்பா அப்படி வாசித்ததில்லை. "அந்தத் தெருவுல அவன்கிட்ட வந்தது அது மட்டுந்தானல" என்பார்.

கிறிஸ்தவர்கள் நாய்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற கதை ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய், 2,469 மீட்டர் உயரம். அங்கே பயணிகளுக்காகச் சுமார் 1050ஆம் ஆண்டு பெர்னார்ட் என்ற குரு ஒரு சத்திரம் கட்டினார். அகஸ்டின் சபைத் துறவிகள் அதை நடத்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் காவலுக்கென்று பெரிய நாய்களைக் கொண்டுவந்தார்கள். மூடுபனியில் மனிதனுக்குத் தன் கை தெரியாதபோதும் நாய்க்கு வீட்டுக்கு வழி தெரிந்தது. அகன்ற மார்பால் புதுப் பனியைப் பிளந்து அவை முன்னால் போனால் பின்னால் வருகிறவனுக்குத் தடம் கிடைக்கும். பனிக்கடியில் புதைந்த ஆளை மோப்பம் பிடித்துத் தோண்டும். இதில் 1800இல் பிறந்த பேரி என்ற நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள்.

பேரியைப் பற்றி உலகம் சொல்கிற ரெண்டு விஷயமும் பொய். ஒன்று, கழுத்தில் தொங்குகிற பிராந்திப் பீப்பாய். அது 1820இல் எட்வின் லேண்ட்சீர் என்ற இளம் ஆங்கில ஓவியர் வரைந்த படத்திலிருந்து பரவியது. இன்னொன்று, பனியில் கிடந்த ஒரு படைவீரனைக் காப்பாற்றப் போனபோது அவன் ஓநாய் என்று பயந்து குத்திக் கொன்றுவிட்டான் என்கிற கதை. காப்பாற்ற வந்தவரையே கொன்றார்கள் என்றால் கிறிஸ்தவர்களுக்கு உடனே வேறு ஒருவர் ஞாபகம் வரும், கதையும் நன்றாக ஒட்டிக்கொள்ளும். நடந்தது வேறு. வயதாகி வேலை செய்ய முடியாமல் போனதும் 1812இல் பேரியை பெர்ன் நகரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். ரெண்டு வருஷம் கழித்து அது அங்கே முதுமையில் செத்தது. உடலைப் பாடம் பண்ணி பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இப்போதும் வைத்திருக்கிறார்கள். மீட்பு வேலைக்கு ஹெலிகாப்டர் வந்துவிட்டது. 2005இல் நாய் வளர்க்கிற பொறுப்பையும் துறவிகள் ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு இந்த உண்மையான முடிவுதான் பிடித்திருக்கிறது. உயிரைக் கொடுத்த நாயை மட்டும்தான் நாம் விசுவாசமானது என்று ஒத்துக்கொள்வோம் போல. பன்னிரண்டு வருஷம் பனியில் நடந்து, மூட்டு தேய்ந்து, ரிட்டயர் ஆன நாயை வைத்து யாரும் படம் எடுப்பதில்லை. அப்பா ரிட்டயர் ஆன அன்றைக்கு ஒரு பொன்னாடையும், உண்மையுள்ள ஊழியக்காரனைப் பற்றிய வசனத்தை பிரேம் போட்டும் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு வருஷம். பி.எஃப். பணம் வருவதற்கு அதன்பிறகு ஒன்றரை வருஷம் அலைந்தார்.

அதே சுவிட்சர்லாந்தில்தான் இன்னொரு கதையும் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் கண் போன வீரர்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்க ஆரம்பித்திருந்தார்கள். டாரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண் சுவிட்சர்லாந்தில் வேலை நாய்கள் வளர்த்துவந்தார். ஜெர்மனியில் பார்த்ததைப் பற்றி 1927இல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். அதை யாரோ வாசித்துக் காட்டக் கேட்ட மோரிஸ் ஃபிராங்க் என்ற கண் தெரியாத இளைஞர், எனக்கும் ஒரு நாய் வேண்டும் என்று கடிதம் போட்டார். 1928இல் கப்பலேறிப் போய், படி என்ற பெண் நாயோடு திரும்பி வந்தார். நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் வண்டிகள் பாய்கிற ஒரு பெரிய தெருவை அந்த நாயின் பின்னால் நடந்து கடந்து காட்டினார். அடுத்த வருஷம் அவர்கள் தொடங்கிய பள்ளியின் பெயர் 'தி சீயிங் ஐ'. நீதிமொழிகள் இருபதாம் அதிகாரத்தில் கேட்கிற காதையும் காண்கிற கண்ணையும் பற்றி ஒரு வசனம் உண்டு. பெயர் அங்கேயிருந்து எடுத்தது.

வழிகாட்டி நாய் ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எங்கே போக வேண்டும், எந்த முக்கில் திரும்ப வேண்டும் என்று மனிதருக்குத்தான் தெரியும், அவர்தான் சொல்வார். சிக்னல் விளக்கின் நிறமும் நாய்க்குப் பிடிபடாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு, இப்போது கடக்கலாம் என்று தீர்மானித்து "முன்னால் போ" என்று சொல்வதும் மனிதர்தான். நாயின் பெரிய திறமை அதற்கடுத்த நொடியில் இருக்கிறது. சத்தமில்லாமல் ஒரு கார் திரும்பினால், முன்னால் ஒரு பள்ளம் இருந்தால், அது போகாது. எத்தனை தரம் சொன்னாலும் போகாது. அப்படி மறுப்பதற்குத்தான் மாதக்கணக்கில் பயிற்சி. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், புத்தியுள்ள கீழ்ப்படியாமை என்று தமிழில் சொல்லலாம். சொன்ன பேச்சைக் கேட்கிற நாயைப் பழக்குவது சுலபம். எப்போது கேட்கக் கூடாது என்று தெரிந்த நாய்க்குத்தான் ஒருவர் தன் உயிரை ஒப்படைக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு மணி ஞாபகம் வந்தது. மணி எங்கள் வீட்டு நாய். ரிட்டயர் ஆன பிறகு அப்பா கடைசியாக வேலை பார்த்த ஊரிலேயே தங்கிவிட்டார். சொந்தமென்று வேறு ஊர் இல்லை. அந்தச் சபைக்கு ரொம்ப நாள் புது ஆள் போடவில்லை, அதனால் காலை நாலரை மணிக்கு எழுந்து கோயில் மணி அடிப்பதை அவரே தொடர்ந்தார். "மணி, மணியடிக்கப் போவோமா" என்பது அவர் தினமும் சொல்கிற ஜோக். யாரும் சிரிக்காவிட்டாலும் சொல்வார். அப்போதே அவருக்குக் கண் அழுத்தம் கூடி, ஓரப் பார்வை போய்விட்டது. நாய் முன்னால் போகும், இவர் அதன் வெள்ளை வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார். ஒருநாள் கோயில் படிக்குப் பத்தடி இருக்கும்போது நின்றுவிட்டது. "போ" என்றார். குறுக்கே வந்து காலோடு ஒட்டி நின்றது. முழங்காலால் தள்ளினார். உறுமியதாம், அவரைப் பார்த்து. அதுவரை ஒருநாளும் உறுமியதில்லை. டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தால், வெதுவெதுப்புக்காகச் சிமெண்ட் தரையில் கட்டுவிரியன் ஒன்று சுருண்டு கிடந்திருக்கிறது. இதை அவர் போனில் சொல்லும்போது பாம்பைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "என்னயப் பாத்து உறுமுச்சுல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி.

அவர் ஏன் அதில் அவ்வளவு சந்தோஷப்பட்டார் என்பதற்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும். நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். ஒரு கிழவி இறந்துபோனாள். மகன் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டான், ஆறு வருஷமாக சங்கக் காணிக்கை பாக்கி. அம்மா அரிசி கொடுத்து விட்டிருக்கிறாள் அந்தக் கிழவிக்கு, எனக்குத் தெரியும். சாயங்காலம் கமிட்டியிலிருந்து ஒரு ஆள் டி.வி.எஸ். வண்டியில் வந்தார். பாக்கியைக் கட்டாமல் துக்க மணி அடிக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் குழி கொடுக்கக் கூடாது, இது மேலிடத்து முடிவு. புறம்பான குடும்பம் என்றார். புறம்பே என்ற அதே சொல். அப்பா வாசலில் நின்று முழுசாகக் கேட்டுக்கொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளுக்கு அம்மா காப்பிகூடக் கொடுத்தாள். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுகிற சத்தம் கேட்டதும் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். மணி அடித்தது. ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. வண்டியில் போனவருக்கும் அது கேட்டிருக்கும். மறுநாள் காலையில் அங்கி போட்டுக்கொண்டு, புத்தகத்தில் இருக்கிற முழு ஆராதனையையும் ஒரு வரி விடாமல் வாசித்து, கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் பண்ணினார்.

மூன்றாம் மாசம் மாறுதல் உத்தரவு வந்தது. பஸ் கிடையாத ஊர். பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் போய் நான் பள்ளிக்கூடம் படித்தேன். வேறு ஒரு சபையில், தனியாக நடத்துகிறவர்கள், ரெண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். "போயிரலாம்லப்பா, இவங்க என்ன நமக்கு நல்லதா செஞ்சாங்க" என்று கேட்டேன். எனக்கு அப்போது பதினைந்து வயசு, கோபம் நிறைய. அப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ஆடு இங்கதானல இருக்கு" என்றார்.

அந்தப் புது ஊரில் அவர் சொன்ன முதல் பிரசங்கம் கானானியப் பெண்ணைப் பற்றியது. அப்பா நல்ல பிரசங்கி கிடையாது. புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், நடுவில் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு வாசிக்கவில்லை. மகளுக்குச் சுகம் கேட்டு அந்தப் பெண் பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள். இயேசு பதில் சொல்லவில்லை. இவளை அனுப்பிவிடும் என்று சீஷர்கள் சொல்கிறார்கள். பிறகு அவர் பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்கிற அந்த வார்த்தையைச் சொல்கிறார். கேட்கக் கூசுகிற வார்த்தைதான், எத்தனை விளக்கம் கொடுத்தாலும். எங்கள் வீட்டில் அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கூசும். அப்பாவுடைய தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் மேலத்தெரு வழியாக நடக்கக் கூடாது. அந்தத் தெருவில் நாய் நடக்கலாம். இதை ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன், கதை சொல்கிற குரலில் இல்லை, ஊருக்கு வழி சொல்கிற குரலில்.

அந்தப் பெண் நாய் என்கிற சொல்லை மறுக்கவில்லை. மேசையிலிருந்து விழுகிற துணுக்குகளை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்கிறாள். இதைத் தாழ்மைக்கு உதாரணமாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அப்பா அன்றைக்கு, "அந்தம்மா தாழ்மையா ஒண்ணும் பேசல. வாதாடுனா" என்றார். கோயிலில் ஒரு அசைவு. "போன்னு சொல்லியும் போகல. நாய்னு சொன்னதும், சரி, அந்த நாய் எங்க இருக்குன்னு பாருங்கங்கிறா. வெளிய குப்பையில இல்ல, வீட்டுக்குள்ள, மேசைக்கடியில இருக்கு. புறம்பே கிடந்தத ஒரே பேச்சுல உள்ள கொண்டாந்துட்டா." அதற்கு இயேசு கொடுத்த பேர் என்ன என்று கேட்டுவிட்டு, பைபிளைத் திருப்பி அந்த ஒரு சொல்லை மட்டும் வாசித்தார். விசுவாசம். ஏசாயா தீர்க்கதரிசி காவல்காரர்களைத் திட்டுகிற இடத்தையும் தொட்டார், குரைக்கத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கிற நாய்கள் என்று. நாயாக இருப்பதற்கு அவர் திட்டவில்லை, குரைக்காததற்குத் திட்டுகிறார் என்றார். கமிட்டிக்காரர்கள் யாரும் அன்றைக்கு வரவில்லை என்பது அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால் ஆறேழு ஊரும் வந்திருந்தது. மணி கல்லறைத் தோட்டம் வரைக்கும் வந்தது, ஆட்கள் கலைந்ததும் அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜப்பானிய ரயில் நிலையத்து நாயைப் போல கல்லறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று என் மகள் எதிர்பார்த்தாள். போகவில்லை. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டது. அந்த மாசமே சபைக்குப் புதிதாக ஒரு இளைஞரை ஊழியராகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, விடியக்காலம் அவர் கதவைத் திறந்தால் வாசலில் மணி நின்றிருக்கிறது. நாயென்றால் அவருக்குப் பயம். கல்லை எடுத்திருக்கிறார். கொஞ்ச தூரம் போய் நின்றிருக்கிறது. அவர் நடந்தால் அது முன்னால் நடந்திருக்கிறது, கோயில் படி வரைக்கும். மறுநாளும் அப்படித்தான். "நன்றி கெட்ட நாய், உபதேசியார் போயி மாசங்கூட ஆகல, அதுக்குள்ள புது ஆளப் புடிச்சுக்கிடுச்சு" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கும் கொஞ்சம் வருத்தம்தான். சோறு தின்ன எங்கள் வீட்டுக்குத்தான் இன்னும் வருகிறது.

போன மாசம் அந்த ஊழியர் போன் பண்ணினார், வேறு ஏதோ கல்லறைக் கட்டட விஷயமாக. பேசி முடித்து வைக்கிற நேரத்தில் சொன்னார்: "அண்ணே, உங்க நாய் பெரிய தொல்லைண்ணே. நாலரைக்கு நான் எந்திரிக்கலன்னா கதவப் பிறாண்டுது. காய்ச்சல்னு படுத்திருந்தேன், அன்னைக்கும் விடல."